ஒன்பது நோட்டும் என்னிடமே இருக்கட்டும்

மகனுக்கு,

எவ்வளவு கோபம் இருந்தாலும் ஸலாம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் கடமை முடிந்தது. இனி நலம் விசாரிக்கிற சோலியெல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. கல்யாணமாகி ஒரு மாதத்தில் உன் கன்னம் பூரித்துப் போயிருப்பது சபீனா அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. நானும் நலம்தான், பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை மட்டும் வலிக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "மீட்டிங்கும்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. பாதியில் மடித்து வைத்துவிடுவாயோ என்ற சந்தேகத்தில் இதைப் போட்டோ எடுத்து உன் பெண்டாட்டி சபீனாவுக்கும் அனுப்பப் போகிறேன். அவள் முழுக்கப் படிப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நீ கூப்பிட்டாய். கல்யாணத்துக்குப் பிறகு நீயாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம், அடுப்பைக்கூட அணைத்துவிட்டு வந்து பேசினேன். "அம்மா, மச்சுல அந்தப் பழைய நோட்டெல்லாம் கிடக்குமே, ஒன்பது நோட்டு, அதை வெரசா கொரியர்ல போட்டு விடுங்க" என்றாய். எதுக்குப்பா என்று கேட்டேன். "சும்மாதாம்மா, உங்களுக்குச் சொன்னாப் புரியாது." வைத்துவிட்டாய். சாயங்காலம் சபீனா கூப்பிட்டாள். அந்தப் பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். உன் ஆபீசில் புதிதாகச் செய்த பொம்மைப் பிளேன் புரோகிராமில் பிளேன்கள் இறங்க முடியாமல் ஆகாயத்திலேயே சுற்றிச் சுற்றி மறைந்து போகின்றனவாம். தரையில் நிற்பவை கிளம்பவே மாட்டேன் என்கின்றனவாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசப் போகிறீர்களாம். "என் பழைய குறிப்பெல்லாம் ஊர்ல இருக்கு, வரவழைக்கிறேன்" என்று நீ மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறாயாம்.

என் பழைய குறிப்பு. உன்னுடையதா அது? ஒன்பது நோட்டில் ஒரு பக்கத்திலாவது உன் கையெழுத்து இருக்கிறதா என்று நேற்று மச்சில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். ஒரு இடத்தில் இருந்தது. மூன்றாவது நோட்டின் பின்னட்டையில், பரோட்டா பார்சலுக்கு ஒரு போன் நம்பர் எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் ஒன்பதாவது வரைக்கும் படித்த உன் அம்மாவின் கோழிக்கிறுக்கல்.

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். கொரோனாவுக்கு ஊர் அடைத்துக் கிடந்தபோது காலேஜ் படிப்பை மச்சிலிருந்தே முடித்தாய். படித்த நேரத்தைவிடப் பிளேன் ஓட்டிய நேரம்தான் அதிகம். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற பொம்மைப் பிளேன். உங்க அத்தா, "வீட்டுக்குள்ள உக்காந்து வானத்துல போறான், நல்ல பொழப்பு" என்று கீழே இருந்து சத்தம் போடுவார். நான் ஏலக்காய் மூட்டையை மச்சுக்குத் தூக்கி வந்து, உன் நாற்காலிக்குப் பக்கத்தில் சுளகை வைத்துக்கொண்டு ஆய்வேன். பச்சை நிறமாய்த் திரண்ட காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்ததும் சொறி பிடித்ததும் ஒரு பக்கம். கை தன்பாட்டில் வேலை செய்யும், கண் உன் திரையைப் பார்க்கும். எத்தனை வருஷமாய் ஒரே மாதிரி இருக்கிற ஆயிரம் காயில் சொத்தைக் காயைக் கண்டுபிடித்த கண் அது. எதையும் சும்மா பார்க்கத் தெரியாது.

ஒருநாள் நான்தான் சொன்னேன், "தம்பி, அந்த நீல வாலு பிளேனு மூணாவது தடவையா சுத்துது. கொஞ்ச நேரத்துல காணாமப் போயிரும் பாரு." நீ, "எந்தப் பிளேனும்மா?" என்றாய். உனக்கு நீ ஓட்டுகிற பிளேன் மட்டும்தான் கண்ணில் பட்டது. சுற்றிலும் கம்ப்யூட்டர் தானாகவே ஓட்டுகிற பிளேன்கள் இருபது முப்பது இருந்தன, அவற்றை நீ மைல்கல்லைப் போலக் கடந்து போவாய். ரொம்ப நேரம் இறங்க முடியாததைக் கம்ப்யூட்டரே அழித்துவிடும். நான் சொன்ன மாதிரியே அந்த நீல வால் மறைந்து போனதும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாய். "எப்படிம்மா தெரிஞ்சுச்சு?" அந்தப் பிளேன்களை ஒழுங்காக ஓட வைக்க ஒரு புரோகிராம் எழுதப் போவதாகச் சொல்லி, அன்றைக்குத்தான் முதல் நோட்டை என் கையில் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் உனக்குத் தெரியாதா? மும்பை ஏர்போர்ட்டைத் திரையில் வைத்துவிட்டு நீ குளிக்கப் போவாய், தூங்கப் போவாய், கூட்டாளியோடு பேசப் போவாய். நான் உட்கார்ந்து எழுதுவேன். எந்தப் பிளேன் எப்போது இறங்கக் கேட்டது, டவர் எப்போது அனுமதி கொடுத்தது, தரையைத் தொட்ட பிறகு ரன்வேயை விட்டு விலக எவ்வளவு நேரம் எடுத்தது, பின்னால் வந்தது எவ்வளவு நெருக்கத்தில் வந்தது. முன்னால் போனது விலகாமல் நின்றால் பின்னால் வந்ததிடம் டவர், "கோ அரௌண்ட்" என்று சொல்லும். இறங்காதே, மேலே போய்ச் சுற்றிவிட்டு வா என்று அர்த்தம். அதை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. அது சொன்னதும் பிளேன் மூக்கைத் தூக்கியதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். சின்னப் பிளேனுக்குப் பின்னால் பெரிய பிளேனை விட்டால் கட்டாயம் இடிக்கிற மாதிரி வந்து சுற்றப் போகும் என்று இரண்டாவது நோட்டில் எழுதினேன். காயையே அளவு பார்க்காமல் ஒரே சாக்கில் கொட்ட மாட்டோம், பிளேனை ஏன் கொட்டுகிறாய் என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஆனால் அடுத்த நாள் அதையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

இறங்குகிற பிளேன் சரியாகிவிட்டது. கிளம்புகிற பிளேன்தான் சரியாகவே இல்லை. வானத்திலிருந்து ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தால் தரையில் நிற்பவற்றுக்கு டவர் வழியே கொடுக்காது. பதினாலு பிளேன் வால் பிடித்து நின்றதை ஐந்தாவது நோட்டில் வரைந்தே வைத்திருக்கிறேன். நீ இடைவெளியைக் கூட்டிப் பார்த்தாய், வானத்தில் நெரிசல் ஆனது. குறைத்துப் பார்த்தாய், இடிக்கிற மாதிரி வந்தது. இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறுகூட ஒழுங்காகத் தின்னவில்லை.

அப்போதுதான் ஊரடைப்பு தளர்ந்து நான் பூப்பாறையில் உன் சின்னம்மா வீட்டுக்குப் போய்வந்தேன். போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து பாதி ரோடு போயிருந்தது. ஒரு வண்டி மட்டுமே போக முடியும், வளைவு இருப்பதால் இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைத் தெரியாது. ரோட்டு வேலைக்காரர்கள் ஐந்து வண்டியை மேலே விடுவார்கள். ஐந்தாவது வண்டிக்காரர் கையில் ஒரு மரக்கொப்பை ஒடித்துக் கொடுப்பார்கள். எங்கள் ஜீப்புதான் அன்றைக்கு ஐந்தாவது. "அண்ணே, இந்தக் கொப்பை அங்கிட்டு நிக்கிற ஆளுகிட்டக் குடுத்துருங்க. வழியில போட்டுறாதீங்க" என்று அந்த ஆள் சொன்னான். டிரைவர் அதை என் மடியில் வைத்தார். மேலே நின்றவன் கொப்பைக் கையில் வாங்கின பிறகுதான் கீழே வருகிற வண்டிகளைத் திறந்துவிட்டான். கொப்பு வந்தால் ரோடு காலி. அவ்வளவுதான் கணக்கு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உன்னிடம் சொன்னேன். டவர் தூரத்தை அளந்துகொண்டு நிற்க வேண்டாம், ஐந்து பிளேனை இறக்கு, ஐந்தாவதிடம் கொப்பைக் கொடு, அது ரன்வேயை விட்டு விலகியதும் தரையில் நிற்பதில் மூன்றைக் கிளப்பு, அதில் கடைசியிடம் கொப்பைக் கொடு, அது எழும்பியதும் திரும்ப வானத்தைத் திற. நீ என்ன செய்தாய் தெரியுமா? என்னைத் தூக்கிச் சுற்றினாய். "அம்மா, நீங்க பெரிய ஆளும்மா" என்று கத்தினாய். உங்க அத்தா என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர்கள் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் மும்பையைப் பார்த்தோம். ஒரு பிளேன்கூடக் காணாமல் போகவில்லை. ஒன்றுகூட வால் பிடித்து நிற்கவில்லை. அந்த ஏற்பாட்டுக்கு நீ புரோகிராமில் கொப்பு என்றே பெயர் வைத்தாய். அதை இலவசமாக இன்டர்நெட்டில் போட்டாய், எங்கெங்கோ இருந்தெல்லாம் பாராட்டி எழுதினார்கள், அதைப் பார்த்துத்தான் பெங்களூர்க்காரர்கள் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். பந்தியில் உன் ஆபீஸ் பிள்ளைகள் ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தாளிச்சா வாளியோடு அந்தப் பக்கம் வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாளி தூக்கலாமா என்று உன் மாமியார் வீட்டார் முகம் சுளித்தது எனக்குத் தெரியும். உன் கூட்டாளிகளுக்கு என் கையால் ஊற்றவேண்டும் என்று ஆசை, தூக்கினேன். அதில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, நல்ல தமிழ், "ஆன்ட்டி, கொப்புன்னா என்ன? இவன் புரோகிராம்ல அதுதான் எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது. கேட்டா சொல்லவே மாட்டேங்கிறான்" என்றது. எனக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தேன், சொல்லலாம் என்று. நீ இடையில் விழுந்தாய். "அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதுடி. அவங்களுக்குப் பிளேனுன்னா வானத்துல சத்தம் போட்டுட்டுப் போறது. நானா சும்மா வச்ச பேரு அது." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதோடு விட்டாயா? "அம்மா, அந்தப் பக்கம் தாளிச்சா கேக்குறாங்க பாருங்க" என்று என்னை அனுப்பியும் வைத்தாய்.

நான் போனேன். அந்த வாளியை உன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை, புதுச் சட்டை, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அடுப்படிக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாளியைத் தூக்கினேன். ஒரு மாதமாக உங்க அத்தா, "விடு, பிள்ளைதானே, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டான்" என்கிறார். வாய் தவறினால் ஒரு வார்த்தை தவறும். நீ சொன்னது நாலு வாக்கியம், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. நன்றாக ஒத்திகை பார்த்த பொய். எத்தனை வருஷமாய் ஒத்திகை பார்க்கிறாய் என்று யோசித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

இதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். உங்க அத்தா கடை நொடித்துப் போன வருஷம், இன்னொருவர் ஏலக்காய்க் கடையில் அவர் எடைபோடும் வேலைக்குப் போனார். ஒரு சம்பளத்தில் ஓடாது என்று நான் காய் ஆய ஆரம்பித்தேன். நாமோ மூன்று தலைமுறையாக மூட்டையை விற்ற குடும்பம். அந்த வீட்டு மருமகள் கூலிக்குக் காய் ஆய்கிறாள் என்று தெரிந்தால் ஜமாத்தில் தலை காட்ட முடியாது என்று நினைத்தோம். மூட்டை பின்வாசல் வழியாக வரும், பின்வாசல் வழியாகப் போகும். நான் ஆய்கிற நேரம் முன்கதவு சாத்தியிருக்கும். யார் கேட்டாலும் அம்மா வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள் என்று சொல்லவேண்டும், ஏலக்காய் வாசம் வந்தால் அத்தா சட்டை வாசம் என்று சொல்லவேண்டும் என்று உனக்குப் பாடம் நடத்தினேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. பெரிய மாமி, உங்க அத்தாவின் அக்கா, பெருநாளுக்கு வந்திருந்தாள். அவள் மகன் ஏதோ பெருமையடித்தான். நீ விடுவாயா? "எங்கம்மா ஒரே நாள்ல ஒரு மூட்டை காயைத் தனியா ஆய்ஞ்சிருவாங்க. கண்ணை மூடிக்கிட்டே சொத்தையை எடுப்பாங்க, தெரியுமா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். மாமி என்னைப் பார்த்தாள். நான், "அவன் சும்மா கதை விடுறான்" என்று சொல்லிவிட்டு, அவள் போன பிறகு உன்னை அறைந்தேன். கன்னத்தில் என் அஞ்சு விரலும் பதிந்திருந்தது. நீ அழவில்லை. ஏன் அடித்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு நீ என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அறைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அம்மாவின் உழைப்பு மறைக்கவேண்டிய ஒன்று என்று உன் கன்னத்தில் எழுதியவள் நான். நீ பந்தியில் சொன்னது நான் மாமியிடம் சொன்னதுதான், ஆள்தான் மாறியிருக்கிறது. எங்கே தப்பு என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து முன்வாசலில் உட்கார்ந்துதான் ஆய்கிறேன், கதவை மல்லாக்கத் திறந்து வைத்துக்கொண்டு. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். பாங்கு சொல்கிற மோதினார், "என்னம்மா, வீட்டுலயே வேலையா?" என்றார். "இருபது வருஷமா இதே வேலைதாங்க, இப்பத்தான் நீங்க பாக்குறீங்க" என்றேன். உங்க அத்தா சாப்பிட வந்தவர் தெருவில் நின்று கொஞ்சம் தயங்கினார். பிறகு செருப்பை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கை காயை அள்ளிப் பார்த்தார்.

ஆனால் என் தப்பைச் சொன்னதால் உன் தப்பு கழிந்துவிடும் என்று நினைக்காதே. ஒன்பது வயதில் அறை வாங்கினவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. இந்த வயதில் எது மறைக்கவேண்டியது, எது சபையில் சொல்லவேண்டியது என்று சுயமாகத் தெரியவேண்டும். எனக்காவது பயம் இருந்தது, சோறு இல்லாத பயம், ஜமாத் பயம். உனக்கு என்ன பயம்? ஏலக்காய் ஆய்கிறவள் மூளையில் வந்தது என்று தெரிந்தால் உன் கொப்புக்கு மதிப்புக் குறைந்துவிடுமா? அந்தக் கண்ணாடிப் பிள்ளை அப்படி நினைக்கிற பிள்ளையாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். சபீனாவும் வேலைக்குப் போகிறவள். நாளைக்கு உனக்கு அவள் ஒரு யோசனை சொல்லுவாள், அது பலிக்கும். அன்றைக்கும் நாலு பேர் முன்னால் "அவளுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொன்னாயானால், அவள் என்னைப் போல வாளியைத் தூக்கிக்கொண்டு போக மாட்டாள். போகவும் கூடாது என்று நானே அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

சரி, உன் பிளேனுக்கு வருவோம். சபீனா சொன்னதை வைத்தே உன் கோளாறு என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் ஏழு பேரும் ஒரு மாதமாகத் தேடுகிறீர்களாம். நான் வெங்காயம் நறுக்குகிற நேரத்தில் கண்டுபிடித்தேன்.

நீ பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின வாரம் நான் திரும்பவும் பூப்பாறை போனேன். அதே சரிவு, அதே ஆட்கள், அதே கொப்பு. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தில் கடைசியாகப் போனது ஆள் ஏற்றிய எஸ்டேட் ஜீப்பு. அவன் கொப்பை வாங்கிக்கொண்டு போனவன், அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. நடுவழியில் பிரிகிற எஸ்டேட் பாதையில் திருப்பிக்கொண்டு போய்விட்டான், கொப்பும் அவனோடு போய்விட்டது. மேலே நின்றவன் கொப்பு வரட்டும் என்று நிற்கிறான். கீழே நின்றவன் மேலேயிருந்து வண்டி வரட்டும் என்று நிற்கிறான். ரோடு காலியாகக் கிடக்கிறது, இரண்டு பக்கமும் வண்டி வால் பிடித்து நிற்கிறது. "கொம்பு எவிடெ சேட்டா?" என்று மேலேயிருந்து ஒரு மலையாள டிரைவர் நடந்தே வந்து கேட்டான், கொப்பு எங்கே என்று. ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம்.

உன் பிளேனிலும் அதுதான் நடக்கிறது. கொப்பு வைத்திருக்கிற கடைசிப் பிளேன் என்றைக்காவது இறங்காமல் வேறு ஊருக்குத் திரும்பிப் போயிருக்கும், இல்லை சுற்றிச் சுற்றி மறைந்திருக்கும். கொப்பும் அதோடு போய்விட்டது. டவர் காலி ரன்வேயை வைத்துக்கொண்டு வராத கொப்புக்காகக் காத்திருக்கிறது. மறுநாள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் இதை உன்னிடம் சொன்னேன். நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலேயே, "அப்புறம்மா, அப்புறம்" என்றாய். அதனால் அதை நான் நோட்டில் எழுதவில்லை. ஒன்பது நோட்டையும் கொரியரில் அனுப்பினாலும் உனக்கு அது கிடைக்காது.

அன்றைய கூத்துக்குப் பிறகு அந்த ரோட்டு ஆட்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மறுநாள் நான் திரும்பி வரும்போது பார்த்தேன். கொப்பு அதற்குப் பிறகு ஒருநாளும் தொலைந்து போகவில்லை. மிகச் சின்ன ஏற்பாடு, படித்தவன் யாருக்கும் சட்டென்று தோன்றாது. அதை எப்படிப் பிளேனுக்குப் பொருத்துவது என்பதுவரைக்கும் யோசித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் வெள்ளிக்கிழமை அதுவும் உன் பழைய குறிப்பாகிவிடும்.

நோட்டுகளைத் துணியில் கட்டிப் பீரோவில் வைத்திருக்கிறேன், சாவி என் இடுப்பில். உனக்கு வேண்டுமென்றால் ஒரே வழிதான். வெள்ளிக்கிழமை அந்த மேசையில் ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிடு. போனை நடுவில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போடு. கொப்பு இவங்களோடது என்று முதலில் சொல், தமிழிலும் சொல், இங்கிலீஷிலும் சொல். அப்புறம், "அம்மா, கொப்பு தொலைஞ்சு போச்சு, என்ன செய்யலாம்?" என்று கேள். கேட்ட மறுநிமிஷம் சொல்லித் தருகிறேன். பெற்ற மகனிடம் வஞ்சம் வைக்கிற ஆள் நான் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததிலிருந்து போனை மடியிலேயே வைத்திருப்பேன். நீ கூப்பிடுகிற வரைக்கும் உன் பிளேன் எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

அம்மா